கிளிக்கும் ஒரு 'மாட்டேன்' உண்டு

வீட்டில் கிளி இருக்கிறது என்று தெரிந்ததும் வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "பேசுமா?" "கையில வருமா?" இரண்டுக்கும் "இல்லை" என்றால், "அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்ற மூன்றாவது கேள்வி முகத்தில் ஓடும். மரியாதைக்காக விழுங்கிக்கொள்வார்கள். ஊரிலிருந்து வந்த பெரியப்பா விழுங்கவில்லை. கேட்டேவிட்டார்.

கிளி என்றதும் பச்சை உடம்பும் சிவந்த மூக்குமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது நம் ஊர்க் காட்டுப்பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பது குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது காக்கடீல். பூர்வீகம் ஆஸ்திரேலியா. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் ஏறி இறங்கும் கொண்டை. நம் ஊரில் விற்கப்படுபவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரிந்தவை. வெளியே விட்டால் காக்கைக்குத்தான் விருந்து.

எங்கள் பறவையை முன்பு வளர்த்த குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. காக்கடீல் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் மக்காவும் அதையும் தாண்டி, சில சமயம் வளர்ப்பவரையே தாண்டி வாழும். பறவையின் ஆயுளுக்குக் கணக்குப் போட்டு யாரும் கூண்டு வாங்குவதில்லை. அதனால்தான் கிளிகள் கைமாறுகின்றன. சின்னு என்ற பழைய பெயரோடும் பழைய கூண்டோடும் இது எங்களிடம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. அது கையைப் பற்றிய பயம்.

முகம் பார்க்கும், குரல் கேட்கும், தீனிக் கிண்ணம் மாற்றும்வரைகூடப் பொறுக்கும். விரல்கள் தன் பக்கம் திரும்பினால் மட்டும் கூண்டின் கடைசி மூலைக்குப் போய், உடம்பைக் குறுக்கி, கொண்டையைப் பின்னால் படுக்கவைத்துச் சீறும். பல வளர்ப்புக் கிளிகளுக்குக் கை என்றால் துண்டைப் போட்டுப் பிடித்து இறக்கை நறுக்குகிற சாமான். வளர்த்தவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. நகம் வெட்டுவதற்காக அன்போடு பிடித்தாலும், பிடிபட்டது பிடிபட்டதுதான்.

பறவையின் இடத்திலிருந்து பார்த்தால் நம் நடவடிக்கை எதுவும் சரியில்லை. கிளிக்குக் கண் இரண்டு பக்கமும். ஏறக்குறைய தலையைச் சுற்றி நடப்பது எல்லாமே தெரியும். இரையாகப் பிறந்தவற்றுக்கு அப்படித்தான் அமையும். வேட்டையாடுகிறவற்றுக்குக் கண் முன்னால், நமக்கு இருப்பதுபோல. அந்த இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்த்துக்கொண்டு, நேர்க்கோட்டில் நடந்துபோய், மேலிருந்து கையை இறக்குகிறோம். பருந்து செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஆகவே பக்கவாட்டில் போக வேண்டும், ஒரு கண்ணால் பார்க்க வேண்டும், கை கீழிருந்து வர வேண்டும், அறைக்குள் நுழையுமுன் குரல் கொடுக்க வேண்டும்.

கூண்டு வைக்கும் இடம் பாதி வைத்தியம். நடுக்கூடத்தில் வைத்தால் நாலா பக்கமும் ஆபத்து என்று நினைக்கும். ஜன்னலோரம் அழகாக இருக்கும். ஆனால் காக்கையும் பருந்தும் அங்கேதான் தெரியும். இரண்டு சுவர் சேரும் மூலையில், நம் நெஞ்சு உயரத்தில் வைத்தால் முதுகுப் பக்கக் கவலை ஒன்று குறையும். சமையலறையோரம் கூடவே கூடாது. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்த மூச்சு மண்டலம் பறவைக்கு. காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக உள்ளே வாங்கிவிடும். நான்ஸ்டிக் சட்டி அளவு மீறிச் சூடானால் கிளம்பும் புகை நமக்குத் தெரியாமலே கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்தியை நிறுத்தி வலை கட்டினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி பூஜை அறைக் கதவுக்குள் அடங்கியது. அதற்கு அம்மாவோடு ஒரு சமரசப் பேச்சு நடந்தது. கூண்டைத் திறக்குமுன் சீலிங் ஃபேனை நிறுத்துவது வீட்டுச் சட்டம்.

ராத்திரிதான் பொல்லாதது. இருட்டில் திடுக்கிட்டு எழுந்து கூண்டு முழுக்க அடித்துக்கொள்வது காக்கடீலிடம் அதிகம் காணப்படும் குணம். சுவரில் ஒரு பல்லி ஓடினால் போதும். புதிதாக முளைக்கும் இறகில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்; அது ஒடிந்தால் ரத்தம் கொட்டும். தீர்வு எளிது: ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. கம்பி எது, வெளி எது என்று கண்ணுக்குத் தெரிந்தால் தானே கொம்பைப் பிடித்து அமர்ந்துவிடும். கரண்ட் போனாலும் அந்த பல்பு எரியும்படி இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறோம்.

பயம் தெளிய எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "பிடிச்சுக் கையிலயே வச்சுக்கோங்க, நாலு நாள்ல பழகிடும்." ஆமாம், நாலு நாளில் அடங்கிவிடும். தப்ப வழியில்லை என்று தெரிந்த உயிர் போராடுவதை நிறுத்தும். பார்ப்பவர்கள் அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியராக இருந்த சூசன் ஃப்ரீட்மன் கிளி வளர்ப்பவர்களிடம் பல வருஷமாக வலியுறுத்தி வருவது இதற்கு நேர் எதிரானது: தன்னைச் சுற்றி நடப்பதில் ஒரு பிடி அந்த உயிரிடமும் இருக்க வேண்டும். 'மாட்டேன்' என்றால் நாம் விலக வேண்டும்.

எங்கள் ஆயுதம் தினைக்கதிர். கதிரைக் கம்பி வழியே நீட்டுவேன். கொண்டை விறைத்தால் அங்கேயே நின்றுவிடுவேன். கொண்டை தளர்ந்து, உடம்பை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டால் உடனே விலகிப் போய்விடுவேன். அமைதியாக இருந்தால் இந்தப் பூதம் போய்விடும் என்பதுதான் அதற்குக் கிடைத்த முதல் பரிசு, தினை அப்புறம்தான். பல நாள் கழித்து ஒரு காலையில், கால்கள் இரண்டும் பழைய இடத்திலேயே இருக்க, கழுத்தை மட்டும் இழுத்து இழுத்து நீட்டி, ஒரே ஒரு மணியைக் கொத்திக்கொண்டு பின்னால் போனது. தோலை நாக்கால் உருட்டித் துப்பியது. மறுபடி கழுத்தை நீட்டியது. சங்க காலத்தில் தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளைக் கொண்டு தினைப்புனத்துக் கிளிகளை விரட்டியவர்களின் வாரிசான நான், ஒரு மணி தின்னச் சொல்லித் தினையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பெர்க் அதை 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கினார். 2007இல் அது சாகும்வரை நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொல்லி விஞ்ஞானிகளை வியக்கவைத்தது. எனக்குப் பிடித்தது அதன் கணக்கு அல்ல. சோதனை அலுத்துப்போனால், தன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லும். முப்பது வருஷ ஆராய்ச்சிக்கு ஈடுகொடுத்த கிளிக்கும் போதும் என்று சொல்ல ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது.

விலகிப்போக வழி இருந்தால் கிளி தானே வரும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடியில் அரிசி வைக்க ஆரம்பித்தார். கொஞ்சமாக வந்த பச்சைக் கிளிகள் நாளடைவில் ஆயிரக்கணக்கில் பெருகின. பலகைகளில் அரிசியைப் பரப்பிவிட்டு அவர் ஒதுங்கிவிடுவார். கூண்டு இல்லை, பிடி இல்லை. பறந்துபோக வானம் முழுக்கத் திறந்திருந்தது. அதனால்தான் வந்தன.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். வந்த வேகத்தில் கம்பிக்குள் விரலை விட்டார்.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"ஏம்மா, எத்தனை மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்தியிருக்கேன். இந்தச் சுண்டைக்காய்க்கா பயப்படுவேன்?"

"பயப்படுறது நீங்க இல்ல பெரியப்பா."

கோபமோ என்னமோ, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தினத்தந்தியை விரித்தார். கூண்டு திறந்தே இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு, கையை அசைக்காமல், தாளைச் சரசரவென்று திருப்புகிற மனிதர் கிளிக்குப் பிடித்துப்போனார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியின் முதுகில் வந்து உட்கார்ந்து பேப்பர் ஓரத்தைக் கத்தரிக்க ஆரம்பித்தது. "ராசிபலனைத் தின்னுட்டுது" என்றார், திரும்பாமலே. அவர் ஊருக்குப் போகும்வரை அந்த ஏற்பாடு நடந்தது. ஒருநாளும் கை நீட்டவில்லை.

சின்னு இப்போது ஒற்றைக் காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறது. தூக்கம் வருமுன் மேலலகையும் கீழலகையும் நறநறவென்று தேய்க்கிறது. பயந்த கிளி இரண்டையுமே செய்யாது. என் கையில் இன்னும் உட்காரவில்லை, உட்காராமலே போகலாம். எனக்கு நஷ்டமில்லை.

தத்தெடுக்க நினைப்பவர்கள் பழைய வீட்டாரிடம் கேட்டு வையுங்கள்: என்ன தின்றது, எப்போது தூங்கியது, இறக்கையை வெட்டியது யார், எந்தச் சத்தத்துக்கு மிரளும். வந்த பிறகு சமையலறைத் தராசில் எடை பாருங்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவைச் சுபாவம், எடை மட்டும் பொய் சொல்லாது. ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் பயம் என்று விட்டுவிடாமல் பறவை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றுக்கு அரசுப் பதிவு வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

மீதியைக் கிளியிடமே கேட்டுக்கொள்ளலாம். முதல் பதில் 'மாட்டேன்' என்றுதான் வரும். அதைக் கேட்டுக் கையைப் பின்னால் இழுக்கத் தெரிந்தவர்கள் கிளி வளர்க்கலாம். மற்றவர்களுக்குச் சென்னைக் கொளத்தூரில் நல்ல நல்ல மீன்கள் கிடைக்கின்றன.