மேற்குக் கனடாவின் கோபம் யார் மீது?

கனடாவில் 2025 ஏப்ரல் 28 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரியில் கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கும் மேல் முன்னிலையில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி தேர்தலுக்கு முன்பே லிபரல்களுக்குப் பின்னால் போய்விட்டது. ட்ரூடோ போய் மார்க் கார்னி வந்தார். வந்த கையோடு நுகர்வோர் மீதான கார்பன் வரியை நீக்கினார். ட்ரம்ப் கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று சீண்டினார். பியர் பொலியேவ்ர் ஆண்டுக்கணக்கில் தயாரித்து வைத்திருந்த முழக்கங்களுக்கு எதிராளியே இல்லாமல் போய்விட்டது.

இந்த ஏமாற்றம் மேற்கு மாகாணங்களில் வேறு வடிவம் எடுக்கிறது. கார்னியின் கட்சிக்கு வாக்களிப்பது மேற்கின் பிரிவினைக்கு வாக்களிப்பதற்குச் சமம் என்று 2025 ஏப்ரலில் எழுதினார் பிரஸ்டன் மானிங். இவர்தான் 1987இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கி, மேற்கை உள்ளே விடுங்கள் என்று கேட்டவர். ஆல்பர்ட்டா முதல்வர் டேனியல் ஸ்மித்தோ, அடுத்த பிரதமர் யாராக இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் தன் கோரிக்கைகளை நிறைவேற்றாவிட்டால் இதுவரை காணாத தேசிய ஒற்றுமை நெருக்கடி வரும் என்று தேர்தலுக்கு முன் சொன்னார்.

இந்தக் கோபம் முழுக்கப் பொய் என்று நாம் சொல்லவில்லை. 2019இல் கன்சர்வேட்டிவ்கள் பெற்றது 34.3 விழுக்காடு, லிபரல்கள் 33.1. ஆனால் இடங்கள் 121க்கு 157. 2021இலும் அதே கதை: அதிக வாக்கு இவர்களுக்கு, ஆட்சி அவர்களுக்கு. யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆனால் தோழர்களே, அந்த எரிச்சல் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஒட்டாவா மேல் வருகிறது, கியூபெக் மேல் வருகிறது, ட்ரூடோ என்ற பெயர் மேல் வருகிறது. தொகுதியில் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற தேர்தல் முறையின் மேல் மட்டும் வருவதில்லை. ஏன்? அதே 2019இல் ஆல்பர்ட்டாவில் 69 விழுக்காடு வாக்குக்கு 34இல் 33 இடங்களை அள்ளியவர்கள் இவர்கள். சஸ்காட்சுவனில் 64 விழுக்காட்டுக்கு 14க்கு 14. எட்மன்டனிலும் கால்கரியிலும் இவர்களுக்கு வாக்களிக்காத லட்சக்கணக்கானோரின் குரல் எங்கே போனது என்று இவர்கள் கேட்டதுண்டா? நாடு முழுவதும் தமக்கு அநீதி செய்யும் அதே முறை சொந்த வீட்டில் தம்மை ஜமீன்தாராக்குகிறது. அதனால்தான் மௌனம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 2014இல் உத்தரப்பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சி சுமார் 20 விழுக்காடு வாக்கு வாங்கி, 80இல் ஓரிடம்கூடப் பெறவில்லை. கனடாவும் நாமும் ஒரே பிரிட்டிஷ் பட்டறையில் வார்த்த பெட்டியில்தான் வாக்குப் போடுகிறோம்.

லிபரல்கள் யோக்கியர்களா? இல்லை. 2015தான் இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குறுதி தந்து ஆட்சிக்கு வந்த ட்ரூடோ, 2017 பிப்ரவரியில் அதைக் கைகழுவினார். மேற்கின் கோபத்துக்கு அதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? ஆனால் அந்தத் துரோகத்துக்கு கன்சர்வேட்டிவ் மேடைகளில் கண்ணீர் விட்டவர் யாரும் இல்லை.

மற்றக் குறைகளையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். மாகாணங்களுக்கிடையே நிதியைச் சமன்படுத்தும் திட்டம் ஆல்பர்ட்டாவைச் சுரண்டுகிறது என்பது பழைய புகார். இன்றைய சூத்திரத்துக்கு அடித்தளம் போட்டது யார்? கால்கரியிலிருந்து போன ஸ்டீபன் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் அரசு. எண்ணெய்க் குழாய் போட விடவில்லை என்பது இன்னொன்று. டிரான்ஸ் மவுன்டன் குழாயை 2018இல் 450 கோடி டாலருக்கு வாங்கி, மொத்தம் சுமார் 3,400 கோடி டாலர் கொட்டி 2024 மே மாதத்தில் திறந்தது ட்ரூடோ அரசுதான். (சூழலியல் தோழர்கள் அவரை மன்னிக்காததும் அதற்காகவே.)

இதையெல்லாம் தாண்டி நம் கண்ணை உறுத்துவது வேறொன்று. குரலற்றவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இவர்கள், யாருடைய நிலத்தைப் பிரித்துக்கொண்டு போகப் பேசுகிறார்கள்? அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் தம் சட்ட அந்தஸ்தை இழக்காமல் கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தடையை நீக்கியவர் டீஃபன்பேக்கர், சஸ்காட்சுவனிலிருந்து வந்த ஒரு கன்சர்வேட்டிவ் பிரதமர். அவருடைய வாரிசுகளுக்கு அது நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆல்பர்ட்டா ஒரு மாகாணமானது 1905இல். அந்த நிலத்தின் பெரும்பகுதியைத் தழுவும் 6, 7, 8ஆம் எண் ஒப்பந்தங்கள் 1876, 1877, 1899ஆம் ஆண்டுகளில் கையெழுத்தானவை. பூர்வகுடிகள் ஒப்பந்தம் செய்தது பிரிட்டிஷ் முடியுடன். அப்போது பிறக்கவே பிறக்காத ஆல்பர்ட்டாவுடன் அல்ல. பிரிவினை பேசுகிற மானிங் அவர்களிடம் சம்மதம் கேட்டாரா?