இணையத்தில் இலவசம், ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய்

கடந்த மாதம் எங்கள் காலனியின் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழுத முகத்தோடு வந்தாள். அறிவியல் பாடத்துக்கு இணையத்திலிருந்து ஒர்க்‌ஷீட் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவளால் முடியவில்லை. வகுப்பு முடியும்வரை பின்சுவர் ஓரமாக நின்றிருக்கிறாள்.

வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை அப்பா கட்டட வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். ஜெராக்ஸ் கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கலரில் மூன்று பக்கம் எடுக்க முப்பது ரூபாய். “டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். “காலனிப் பிள்ளைங்க எப்பவும் இப்படித்தான்னு சொல்லிடுவாங்க சார்” என்றாள்.

இதை வைத்து இணையமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை. 2018-19இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. அதை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொலியும் பயிற்சிகளும் கிடைக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல்களைத் தந்தது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. எல்லாமே இலவசம்.

ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில் நல்ல பயிற்சித்தாள் பெரிய துணை. ஒன்றாம் வகுப்புக்கு அவர் எழுத்து சொல்லித்தரும் நேரத்தில் நான்காம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்காது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டுமே தமிழகத்தில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கே பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இந்தத் துணையின் அருமை தெரியும்.

ஆனால் இணையத்தில் இலவசமாக இருப்பது காகிதமாக மாறும்போது செலவு யார் தலையில் விழுகிறது? சில பள்ளிகளில் ஆசிரியர் தன் கைக்காசைப் போடுகிறார். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பல இடங்களில் பிள்ளை தலையில் விழுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பைத் தொடர விடாமல் செய்யும் எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தை மேல் சுமத்தக் கூடாது என்கிறது. கட்டணம் வாங்காத பள்ளி பிரிண்ட் கேட்கலாமா? கொண்டுவராத பிள்ளையை நிறுத்திவைக்கலாமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘நமக்கு உதவுவோர்’ என்ற தலைப்பில் இணையத்தில் கிடைத்த ஒரு தாளைப் பார்த்தேன். மருத்துவர், ஆசிரியர் படங்களில் வெள்ளைத் தோல். துடைப்பம் பிடித்தவர் மட்டும் கறுப்பு. தூய்மைப் பணியாளரின் மகள் அந்தப் படத்தைக் கோடு போட்டுப் பொருத்தும்போது வகுப்பு எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும்? பாடநூலைக் குழு பார்க்கிறது. இணையத்தில் யாரோ ஏற்றிய தாளைப் பார்க்க ஆசிரியரைத் தவிர வேறு ஆளில்லை. எனவே எடுத்ததும் கொடுக்காமல் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

காகிதம் இல்லாமலும் பயன்படுத்த வழி உண்டு. தாளில் உள்ள கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி நோட்டில் விடை எழுதச் சொல்லலாம். ஒரே தாளை லேமினேட் செய்து, அழியும் பேனாவால் எழுதிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். தீக்‌ஷா பாடங்களை நெட் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி வந்து, நெட் இல்லாமலே வகுப்பில் காட்டலாம். பனிப் பொம்மைக்குப் பதில் பனங்காயையும் ஏரி மதகையும் வைத்து ஆசிரியரே கணக்குப் போட்டால் இன்னும் நல்லது.

கேட்க வேண்டியதையும் கேட்போம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிண்டரும், ஆண்டு முழுதுக்கும் காகிதமும் மையும் துறை தர வேண்டும். எந்தப் பள்ளியிலும் வீட்டிலிருந்து பிரிண்ட் கேட்கக் கூடாதென மாவட்டக் கல்வி அலுவலகம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய அளவில் இடம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த இடத்தில் போய் உட்கார்ந்து இதைத் தீர்மானமாக எழுத வைப்பது நம் வேலை. கூலி போகுமே என்று கூட்டத்தைத் தவிர்க்காதீர்கள்.

1907இல் அயோத்திதாசர் தம் வார இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். எளியவரும் வாங்க முடிகிற விலையையே பெயராக்கினார். நூறு ஆண்டுகள் கடந்த பின்பும் முப்பது ரூபாய் இல்லாத குற்றத்துக்காக ஒரு சிறுமி சுவரோரம் நிற்கிறாள். அவளை அவள் இடத்தில் உட்கார வைக்க அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை முதல் வகுப்பிலேயே ஆசிரியரால் அதைச் செய்ய முடியும்.