தபால் பெட்டிக்குப் போகாத துணி அட்டை எதுக்கு?

டிஸ்கி: கைவேலை செய்றவங்க மனசைப் புண்படுத்துற எண்ணம் இல்லை. ஆனா கொஞ்சம் புண்படத்தான் செய்யும். :-)

துணியில தபால் அட்டை செய்றது தெரியாதவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. ஆறுக்கு நாலு அங்குலத்துல ஒரு துண்டுத் துணி. விறைப்புக்கு உள்ளே பக்ரம் (சட்டைக் காலர்ல வைப்பாங்களே, அதேதான்). பின்னாடி விலாசம் எழுத ஒரு கெட்டித் தாள். முன்பக்கத் துணியில வண்ணம் தீட்டலாம், தையல் போடலாம், ரெண்டையும் கலந்து கட்டலாம். ஓரத்தைச் சுத்திக் கம்பளித் தையல் போட்டு முடிச்சா அட்டை ரெடி. வெளிநாட்டுல குவில்ட் தைக்கிற பெண்கள் மத்தியில 2000த்துக்கு அப்புறம் இது பெரிய பழக்கமாவே ஆச்சு. அமெரிக்காவுல வர்ஜீனியா ஸ்பீகல்ங்கிற துணிக் கலைஞர் இப்படிப்பட்ட அட்டைகளை மத்தவங்ககிட்டயும் வாங்கி வித்து, அந்த ஊர் புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி சேர்த்துக் கொடுத்தார். நல்ல விஷயம். அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டையெல்லாம் இப்போ நம்ம பக்கம் சொல்லிக் கொடுக்கிற முறையோடதான்.

வகுப்புலயும் வீடியோவுலயும் என்ன சொல்றாங்க தெரியுமா? நல்ல கைத்தறித் துணியா எடுத்துக்கோங்க. அது மேல வெள்ளை ஜெஸ்ஸோ ஒரு கோட்டிங் அடிங்க. காஞ்சதும் தேய்ச்சு வழவழப்பாக்குங்க. அதுல ஆத்தங்குடிக் கல்லு டிசைனோ, தாமரையோ, யானையோ வரைங்க. மேலே வார்னிஷ். ஓரத்துல ஒப்புக்கு நாலு தையல். அப்புறம் பிளாஸ்டிக் உறையில போட்டு ஃபிரேம் பண்ணி மாட்டுங்க!

ஏன் சாமி, இதுக்கு எதுக்குத் துணி? சார்ட் பேப்பர் பத்தாதா?

நான் கல்லல்ல உக்காந்து இதைச் செய்றவ. எனக்குக் கிடைக்கிற துணி பெரும்பாலும் கிழிஞ்ச கண்டாங்கி. காரைக்குடித் தறியில நெஞ்ச பருத்திச் சேலை, 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அது. அரக்கு, மஞ்சள், கறுப்புன்னு கண்ணைப் பறிக்கிற கட்டமும் பட்டைக் கரையுமா இருக்கும். அந்தக் கட்டம் எப்படி வருதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. யாரும் அதை வரையலை. பாவுல நிறம் நிறமா நூலை எண்ணிக் கோக்கணும். ஊடையில நிறம் மாறுற இடத்துல நாடாவை மாத்தணும். எண்ணிக்கை பிசகினா கட்டம் கோணும். அரக்குப் பாவு மேல கறுப்பு ஊடை போகும்போது ரெண்டும் இல்லாத மூணாவது நிறம் ஒண்ணு பிறக்கும். கிட்டப் போய்ப் பாத்தா புள்ளி புள்ளியா ரெண்டு நிறமும் தனித்தனியாத் தெரியும், தள்ளி நின்னா கலந்துடும். ஓவியக் கல்லூரியில காசு கட்டிப் படிக்கிற வித்தை, இங்கே முந்தானையில கிடக்கு. அது மேல வெள்ளைப் பூச்சு அடிச்சு மூடிட்டு 'செட்டிநாட்டுப் பாரம்பரியக் கலை அட்டை'ன்னு பேர் வைக்கிறதை என்னன்னு சொல்ல?

இதுக்கு நேர் எதிர்க்கட்சி ஒண்ணும் இருக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி அதுக்குத் தலைவி.

"ஏத்தா, உடுத்துன சேலைய வெட்டி அதுல பெயிண்டு வேற அடிக்கிறியாக்கும்?"

"கிழிஞ்சதுதானே ஆச்சி."

"கிழிஞ்சா வெளக்குத் தொடைக்க ஆகும். இதென்னத்துக்கு ஆகும்?"

ஆச்சி கேட்டதுல ஒரு நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். வெளக்கு தொடைக்கிறதுகூட ஒரு வேலை. ஃபிரேமுக்குள்ள சிறை கிடக்கிற அட்டைக்கு அந்த வேலைகூடக் கிடையாது. ஆனா 'நெய்ஞ்ச துணியைத் தொடாதே, தொட்டா தீட்டு'ங்கிற மாதிரி படிச்சவங்களும் பேசுறாங்க பாருங்க, அதுதான் எனக்குச் செரிக்கலை. தமிழ்நாட்டுல துணியில எழுதுறதும் தைக்கிறதும் என்ன நேத்தா வந்துச்சு? தேர்ல தொங்குற தொம்பையைப் பாத்ததே இல்லையா? துணி மேல துணியை வெட்டி வச்சுத் தைக்கிறது அது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில துணியில எழுதுறாங்களே, கருப்பூர்க் கலம்காரிங்கிற பேர்ல 2021ல அதுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சது. இந்தச் சோழமண்டலக் கரையில எழுதின துணி கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்குப் போய், அங்கே நெசவுக்காரங்க பொழப்பு போகுதுன்னு கூப்பாடு போட்டு, பிரான்ஸ் 1686லயும் இங்கிலாந்து 1700லயும் மறுபடி 1721லயும் சட்டம் போட்டுத் தடுத்தாங்க. பிரான்ஸ்ல அந்தத் தடை 1759 வரைக்கும் நீடிச்சுது. அப்படிப்பட்ட ஊர்ல வந்து துணியில தூரிகை வைக்காதேன்னா எப்படி?

இங்கே ஒரு கதை சொல்லியே ஆகணும். கெர்தூன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், இயேசு சபைக்காரர். 1742ல இந்தக் கரையில இருந்து ஊருக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். துணியில எப்படி எழுதுறாங்க, எப்படிச் சாயம் ஏத்துறாங்கன்னு இங்கே சாயவேலை பாத்தவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதினது. அதுல முதல் கட்டமே கடுக்காயும் எருமைப் பாலும். வெளுத்த துணியை அதுல நனைச்சுக் காயவச்ச பிறகுதான் எழுதவே ஆரம்பிப்பாங்க. பாலுல இருக்கிற கொழுப்பு, எழுதின கோடு நூலோட ஓடிப் பரவாம பிடிச்சு நிறுத்தும். கடுக்காய்த் துவர்ப்பு சாயத்தைக் கவ்வ வைக்கும். தறியும் மறையாது, கோடும் கலையாது. (பரம்பரைத் தொழில் ரகசியம் வெளிநாடு போனது தபால்லதான்ங்கிறதைக் கவனிங்க. நல்ல தபால்னு சொல்றதா கெட்ட தபால்னு சொல்றதான்னு தெரியலை.)

அந்தப் பாலும் கடுக்காயும் செஞ்ச வேலைக்கும் இன்னைக்கு ஜெஸ்ஸோ செய்ற வேலைக்கும் உள்ள வித்தியாசம்தான் என் மொத்த வழக்கும். ஒண்ணு துணியை எழுதத் தயார் பண்ணுது. இன்னொண்ணு துணியை ஒழிச்சுக் கட்டுது.

சரி, அப்போ ஜெஸ்ஸோ இல்லாம பெயிண்ட் ஓடாதான்னு கேப்பீங்க. ஓடும். பல வருஷம் துவைச்ச கண்டாங்கியில தண்ணி கலந்த அக்ரிலிக் ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. வட்டமா நிக்காது. பாவு நூல் வழியா மேலயும் கீழயும், ஊடை வழியா ரெண்டு பக்கமும் ஓடி ஒரு கூட்டல் குறி மாதிரி ஆயிடும். புதுத்துணியில நேர்மாறு. தறிக்கஞ்சி இன்னும் போயிருக்காது, பெயிண்ட் உள்ளே இறங்காம மேலயே உக்காரும். அதனால புதுசை ஒரு தடவை வெந்நீர்ல அலசணும். பழசுக்கு மெல்லிசா அரிசிக் கஞ்சி போடணும். நீத்த கஞ்சி, சேலைக்குப் போடுறதுல பாதி. கஞ்சி நூலிழை நடுவுல இருக்கிற சந்தை அடைச்சுடும், பெயிண்டுக்கு ஓட வழி இருக்காது. ஆனா கட்டம் பளிச்சுன்னு அப்படியே தெரியும். செலவு என்ன? சோத்துக் கஞ்சிக்குக் காசு கேக்கிற கடை இன்னும் வரலை.

மஞ்சள் கட்டத்துக்குள்ள மட்டும் மெல்லிசா ஒரு பச்சை ஓட்டிப் பாருங்க, வயல் மாதிரி தெரியும். குறுக்கே போற கறுப்பு இழைதான் வரப்பு. நீங்க வரைய வேண்டியதே இல்லை, அந்த வேலையைத் தறிக்காரர் முடிச்சுட்டார்.

அடுத்த பஞ்சாயத்து: முதல்ல தையலா, பெயிண்டா? எல்லாரும் பெயிண்ட் முதல்லம்பாங்க. தைச்ச பிறகு நூல்ல பெயிண்ட் பட்டுடுமாம். படட்டுமே! காஞ்ச அக்ரிலிக் கிட்டத்தட்ட பிளாஸ்டிக் தோல். அதுல ஊசி போட்ட ஓட்டை மூடாது, பிரிச்சுத் தைச்சா சல்லடைதான். வெறும் துணியில ஊசி, இழையை விலக்கிட்டுப் போகும், விரலால நீவிவிட்டா மூடிக்கும். அதனால நான் முதல்ல தைக்கிறேன், அதுக்கப்புறம் தீட்டறேன். வெள்ளைப் பருத்தி நூல்ல ஓட்டுத் தையலோ சங்கிலித் தையலோ போட்டு மேலே தூரிகையை ஓட்டினா, நூல் நிறத்தைக் குடிச்சுத் துணியோட சேர்ந்துக்கும். அதே இடத்துல மிஷின் பாலியஸ்டர் நூலா இருந்தா அவ்வளவா குடிக்காது, தனியா மினுங்கும். ரெண்டு நூலையும் கலந்து போட்டா ஒரே பெயிண்ட்ல ரெண்டு நிறம். ஓர் நாள் காயவிட்டு, பின்பக்கமா இஸ்திரி போட்டு, அதுக்கு மேல பின்தாளை ஒட்டுங்க. ஓரத்தைக் கையாலதான் கட்டணும். நம்ம வீட்டுக் கறுப்பு மிதிமிஷினுக்கு நேர்த் தையலை விட்டா வேற தெரியாது.

இனிமே மெயின் சண்டை. தபால்.

அட்டைன்னு பேர் வச்சா அது போய்ச் சேரணும். கவருக்குள்ள இல்லை, ஃபிரேமுக்குள்ள இல்லை. மொட்டையா, ஸ்டாம்ப் ஒட்டி, மத்த கடுதாசிகளோட ஒரே சாக்குல. 'அய்யோ வீணாப் போயிடுமே'ன்னு பதறுறவங்க ஒண்ணை யோசிக்க மாட்டேங்கிறாங்க. தபாலுக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டா, பாதி கைவேலைக் கேள்விகளுக்குத் தானா விடை கிடைச்சுடும். சம்கி, கண்ணாடி, மணி வைக்கலாமா? கூடாது, முத்திரை குத்துற அடியில நொறுங்கும். பெயிண்டைக் கனமா அப்பலாமா? கூடாது, வளைஞ்சா வெடிக்கும். ஓரத் தையல் எவ்வளவு நெருக்கமா? இன்னொரு கவரோட முனை உள்ளே நுழையாத அளவுக்கு. ஐப்பசி மழையில தாங்குமா? இஸ்திரி ஒழுங்கா போட்டிருந்தா தாங்கும். சுவர்ல மாட்டுற அட்டைக்கு இப்படி ஒரு கண்டிப்பான வாத்தியார் கிடையாது. அதனாலதான் அதுல இல்லாத அலங்காரம் எல்லாம் ஏறுது.

முதல் உலகப்போர் காலத்துப் பட்டு அட்டைகளைக் காட்டி என்கிட்ட வாதாடுறவங்க உண்டு. பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் மெல்லிசான பட்டு வலைத்துணியில பூத்தையல் போட்டு வித்தது. 1914லேர்ந்து 1918 வரைக்கும் அங்கே சண்டை போட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் அம்மாவுக்கும் காதலிக்கும் வாங்கி அனுப்பினாங்க. 'அதெல்லாம் பெரும்பாலும் உறைக்குள்ளதானே போச்சு'ம்பாங்க. வாஸ்தவம். ஆனா போச்சுல்ல? சேத்துக்குழியில உக்காந்தவன் 'நான் உசுரோட இருக்கேன்'னு சொல்ல அனுப்பினான். அலமாரிக்கு வாங்கலை. பட்டு வலை தாங்காதுன்னு உறை போட்டாங்க. கண்டாங்கிக்கு அந்தக் கவலை எதுக்கு? வெயில்லயும் கல்லுலயும் அடிபட்டுப் பழகின துணி.

நம்ம தபால் துறையே 2011ல கதர்த் துணியில காந்தி ஸ்டாம்ப் போட்டுச்சு. விலை 100 ரூபாய். அரசாங்க அஞ்சலட்டையை 50 பைசாவுக்கு விக்கிற துறை, 100 ரூபாய்க்குத் துணி ஸ்டாம்ப் விட்டா அதை எந்தக் கடுதாசியில ஒட்டுறது? ஆல்பத்துல ஒட்டத்தான். கதரை உடுத்தச் சொன்ன மனுஷரைக் கதர்லயே அச்சடிச்சுக் கண்ணாடித்தாளுக்குள்ள பூட்டி வச்சாச்சு. ஃபிரேம் கட்சிக்கு அரசாங்க ஆசீர்வாதமே கிடைச்ச மாதிரி.

கவுன்ட்டர்ல தகராறு வராதான்னா, வரும். ஒரு தபாலாபீஸ்ல "இது அட்டை இல்லம்மா, துணி"ன்னு திருப்பித் தந்துட்டாங்க. அதனால அட்டைக் கணக்கு பேசாம, எடை போடச் சொல்லி, கடிதத்துக்கு உண்டான ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்துடுறேன். ஸ்டாம்ப் பசை துணியில நிக்காது, அதுக்காகவும்தான் பின்தாள். ஒரு அட்டையில சேர்ற ஊர் முத்திரையைப் படத்துப் பக்கமே குத்திட்டாங்க, அரக்குக் கட்டத்து நடுவுல கறுப்பா பாதி வட்டம். வாங்கின சிநேகிதி அந்த முத்திரையைச் சுத்திச் சிவப்பு நூல்ல ரெண்டு முடிச்சுத் தையல் போட்டு எனக்கே திருப்பி அனுப்பிட்டா. பெட்டியில இருக்கு. அடுத்து என் முறை.

பி.கு: 'செட்டிநாட்டுத் துணி அட்டை கிட்'னு வாங்குறவங்க முதல்ல துணியைத் திருப்பிப் பாருங்க. தறிக்கட்டம்னா ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தமா இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தா அச்சடிச்சது. அதுல நீங்க ஜெஸ்ஸோ என்ன, சுண்ணாம்பே அடிச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கஞ்சி போட்ட துணியை ரொம்ப நாள் வச்சிருந்தா கரப்பான் கடிக்கும், ரெண்டு வேப்பிலையைச் சொருகி வைங்க, சீக்கிரம் தைச்சு அனுப்புங்க.