பட்டாசு மண்ணுக்கு வரைபடம் போட ஆள் வேண்டும்

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதம் 15-ஆம் தேதி மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சில பாதுகாப்பு விலக்குகள் தவிர, இந்தியர் யாரும் முன் அனுமதி வாங்காமல் வரைபடம் தயாரிக்கலாம். இரண்டையும் நான் ஒரே செய்தியாகத்தான் படித்தேன். எங்கள் மண்ணை அளந்து எழுதும் உரிமை அன்று எங்கள் பிள்ளைகளுக்கு வந்தது. அதைச் செய்யும் படிப்புக்கு இன்னும் அவர்களை நாம் அனுப்பவில்லை.

நான் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். என் அம்மா சரவெடி பின்னியவர். அந்தக் கூலியில்தான் சென்னையில் எம்.எஸ்சி. புவியியல் படித்தேன், இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். “பூகோளம் எடுத்தா என்ன வேலை கிடைக்கும் டீச்சர்?” என்று பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்கள். ஆசிரியர் வேலை, செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போடும் நிறுவனங்கள், போட்டித் தேர்வு என்று சொல்வேன். ஆனால் முதலில் சொல்ல விரும்புவது, உங்கள் ஊரிலேயே உங்களுக்கு வேலை காத்திருக்கிறது என்பதுதான்.

சிவகாசியில் பட்டாசு ஏன் வந்தது என்று கேட்டால், வறண்ட வானிலை என்று ஒரு வரியில் பதில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ராமநாதபுரமும் வறண்டதுதானே, அங்கே ஏன் வரவில்லை? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது, மழை பொய்த்தால் மானாவாரிக் கரிசலை விட்டுக் கூலிக்கு அலைந்த குடும்பங்கள், லேபிள் அடிக்கப் பெருகிய அச்சகங்கள் எல்லாம் சேர்ந்துதான் இந்த ஊர். இந்த முடிச்சை அவிழ்க்கப் பள்ளிப் பாடம் போதாது. முதுகலை ஆய்வுதான் அதற்கு இடம் தரும்.

ஆய்வேட்டுக்காக ஒரு மாணவி இங்கே வந்தால் என்ன செய்வாள்? ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். வெடிமருந்து வேலை நடக்கும் ஒரு ரூம் அந்தப் புள்ளிக்குள்ளேயே அடங்கிப்போகும். ஆகவே அவள் நடந்துதான் ஆக வேண்டும். எந்த ரூமில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், ரூமில் இடம் போதாமல் எந்த வேப்பமரத்தடியில் வேலை நடக்கிறது, மிச்ச மருந்து எங்கே கிடக்கிறது, ஆலைக்கு எவ்வளவு பக்கத்தில் புது வீடுகள் எழும்பியிருக்கின்றன என்பதை வேலைக்குப் போகும் அக்காமார்தான் சொல்வார்கள். மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் லைசென்சோ, நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தரும் லைசென்சோ, எதுவானாலும் ஆலை காட்டும் வரைபடத்தில் ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி சரியாக இருக்கும். ஆட்கள் உண்மையில் எங்கே இருக்கிறார்கள் என்பதை அந்தத் தாள் காட்டாது. 2012-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவுக்கு மாண்டபோது, இந்தத் தகவல் வெடித்த பிறகுதானே நமக்குத் தெரிந்தது?

அவசர சிகிச்சைக்கு ஆகும் தூரமும் வரைபடத்தில் வர வேண்டும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022-இல். அதற்கு முன்பு கடுமையான தீக்காயம் என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிதான். சிவகாசியிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஆலையிலிருந்தும் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரும் என்பதை ஒரு மாணவி ஒரு பருவத்தில் கணக்கிட்டுவிடலாம்.

இதற்கு இந்த மண்ணிலேயே முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் கிராமங்களை ஆராய்ந்து எழுதும்படி தம் மாணவர்களை அனுப்பினார். 1918-இல் நூலாக வந்த அந்தத் தொகுப்பில், இன்று சிவகாசி வட்டாரத்தில் இருக்கும் வடமலாபுரமும் ஒன்று. 1930-களிலும் 1980-களிலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்ப வந்தார்கள். மாணவர் எழுதிய ஏடு இத்தனை காலம் பயன்பட்டிருக்கிறது. 1930-களில் பிரிட்டனின் நிலப் பயன்பாட்டை டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியலாளர் வரைபடமாக்கியதும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் நடந்து திரிந்து குறித்ததால்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் சில வீடுகளில் அனுமதி இல்லாமல் பட்டாசு செய்கிறார்கள். மாணவி வரையும் படம் அந்தக் குடும்பத்தின் மேல் வழக்காகப் பாயுமானால் அடுத்த வருஷம் யாரும் அவளிடம் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டு அடையாளம் வராமல், தெரு அளவில் ஆபத்தைக் காட்டினால் போதும். பெயர் வெளியே போகாது என்று பல்கலைக்கழகமே எழுத்தில் உறுதி தர வேண்டும்.

நான் கேட்பது பெரிய பணம் இல்லை. பட்டாசு வட்டாரத்துக்குள் ஓர் அரசுக் கல்லூரியில் முதுகலைப் புவியியல் வகுப்பு வேண்டும். மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் பெண்ணை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இங்கே ஏராளம். இந்த மாவட்டத்தை ஆய்வுக்கு எடுக்கும் மாணவருக்குக் களப்பணி நாள்களுக்கு உதவித்தொகையும், ஆலைக்குள் போக ஆட்சியரின் அனுமதிக் கடிதமும் கொடுக்க வேண்டும். முடிந்த ஆய்வேட்டின் ஒரு பிரதி ஆட்சியர் அலுவலகத்துக்கும், ஒரு பிரதி தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், தமிழில் எழுதிய சுருக்கம் அந்தந்த ஊராட்சிக்கும் போய்ச் சேர வேண்டும். தீபாவளி வேலை மும்முரமாகும் ஆவணி, புரட்டாசிக்கு முன்பே களப்பணியை முடிக்கும்படி கால அட்டவணையையும் மாற்ற வேண்டும். அப்போதுதான் அந்த வரைபடம் அதே வருஷத்தின் சோதனைக்கு அதிகாரிகள் கையில் இருக்கும்.