பின்கண்ணாடி ஓரத்தில் ஒளிந்திருக்கும் உப்பு

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தப் பக்கம் உப்பு மூட்டையும் மீன் பெட்டியும் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. மழை பெய்தால் ஓட்டுநரின் முதுகு நனையும்! கேபினின் பின்கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் கசிந்து இருக்கைக்குப் பின்னால் இறங்கும்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், ஒரு டியூப் சிலிக்கான் வாங்கி ரப்பர் பீடிங்கைச் சுற்றிப் பூசிவிடுவது. சில மழைக்குத் தாங்கும். ஆனால், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் என்றால் அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது என்று அர்த்தம். இரும்பில் பட்டால் துருவுக்கு அது விருந்து. போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியேற விடாமல் பூட்டிவிடும்.

மழையே பெய்யாவிட்டாலும் அங்கே ஈரம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். அடுப்பங்கரை உப்பு ஜாடி அடைமழை நாளில் நசநசப்பது இதனால்தான். பீடிங்குக்கு அடியில் புகுந்த உப்புத்தூளும் அதையேதான் செய்கிறது. கீழ் மூலைகளில் தகரம் பொத்தலான பிறகு டிங்கரிங், பெயிண்ட் என்று இறங்கினால் செலவு கண்ணாடி விலையோடு நிற்காது. சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பதே சரி. பீடிங் வைத்த வண்டிகளில் இரண்டு பேர் இருந்தால் போதும். (பசை வைத்து ஒட்டிய கண்ணாடி என்றால் கடைக்குத்தான் போகவேண்டும்.) நடுவில் பூட்டுப் பட்டை இருந்தால் முதலில் அதை உருவிவிட வேண்டும். ஒருவர் கேபினுக்குள் உட்கார்ந்து, மேல் மூலையிலிருந்து ரப்பரின் உதட்டை மழுங்கிய மரச்சில்லால் நெம்பியபடியே கண்ணாடியை மெல்ல வெளியே தள்ள, மற்றவர் வெளியே நின்று தாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நுழைப்பதுதான் ஆபத்து. பெரும்பாலும் இது டஃபன்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துச் செய்தது. நடுவில் தட்டினால் தாங்கும். விளிம்பில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்தால், மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். அதனால் கையுறை, கண்ணுக்குக் கவசம் இரண்டும் கட்டாயம். கழற்றிய கண்ணாடியைச் சிமென்ட் தரையில் வைக்காமல் சாக்கின் மேல் வைக்கவும்.

கண்ணாடியை எடுத்ததும் தெரிவதுதான் நிஜமான வேலை. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துருவைச் சுரண்டி, உலரவைத்து, துரு தடுக்கும் பிரைமரும் பெயிண்டும் அடிக்க வேண்டும். பெயிண்ட் நன்றாகக் காயும்வரை வண்டி நிற்கட்டும். ஒருநாள் ஓட்டம் போகுமே என்று அவசரப்பட்டு மாட்டினால், ரப்பர் புதுப் பெயிண்டை உரித்தெடுத்துவிடும். விறைத்துப்போன பழைய பீடிங்கையும் மாற்றிவிடுவது நல்லது.

திரும்ப மாட்டுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடலோரத்தில் சுலபமாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் கயிறு போதும். பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, தகரம் உட்காரும் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் கீழே நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து பொருத்தி ஒருவர் அழுத்திக்கொள்ள, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால், ரப்பர் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். சோப்புக்குப் பதில் என்ஜின் ஆயில் தடவுகிறவர்கள் உண்டு. எண்ணெய் பட்டால் பீடிங் உப்பிக் கெட்டுவிடும்.

கண்ணாடி உடைந்திருந்தால் அந்த இடத்தில் தகரத்தையோ சாதாரண ஜன்னல் கண்ணாடியையோ வைத்து ஓட்டுவது கூடாது. பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும். பின்கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி.

கடைசியாக, ஒருவர் கேபினுக்குள் செய்தித்தாளோடு உட்கார, மற்றவர் ஹோஸ் பைப்பால் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே நனைத்து வரட்டும். எடுத்த எடுப்பில் மேலிருந்து ஊற்றினால், கசிவு எந்த மூலையில் என்று தெரியாது.