காத்தாடி பிளேனும் டவுன் பஸ் டிரைவரும்

பொங்கலுக்குப் பொங்கல் பாளையங்கோட்டையில் இருந்து மாமா போன் பண்ணுவார். நலம் விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்: "என்ன மாப்ள, இன்னும் காத்தாடி வச்ச பிளேன்தானா? எப்பம்ல பெருசுக்குப் போவ?"

வாகைக்குளத்தில் சென்னையில் இருந்து வந்து இறங்குமே, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்திக்கொண்டு, அதே ஏ.டி.ஆர் 72தான் நான் கவுகாத்தியில் இருந்து ஓட்டுவது. அகர்தலா, இம்பால், ஐஸ்வால், ஷில்லாங் என்று சுற்றி வருவேன். எழுபது சொச்சம் பயணிகள். மாமா கணக்கில் இது ஏதோ எல்.கே.ஜி. மாமாவை விடுங்கள், சொந்தத் துறையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்கள். சின்ன விமானம், சின்ன தூரம், சின்ன வேலை.

மாமா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அதில் பாதி டவுன் பஸ். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடமே திருப்பிக் கேட்டேன். "மாமா, ராத்திரி எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போறது கஷ்டமா, ஜங்ஷனுக்கும் சமாதானபுரத்துக்கும் நாள் பூரா சிங்கிள் அடிக்கிறது கஷ்டமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "எக்ஸ்பிரஸ்ல தூக்கம் வரும். டவுன் பஸ்ல உசுரு போவும்" என்றார்.

நான் சொல்ல வருவதும் அதேதான். ஆனால் சம்பளம் போடுபவர்களுக்கும் சட்டம் போடுபவர்களுக்கும் அது இன்னும் புரிந்தபாடில்லை.

எங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி பறந்த மணிக்கணக்கில் வருகிறது. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்த நிமிஷத்தில் மீட்டர் ஓட ஆரம்பிக்கும், திரும்பக் கட்டை வைத்ததும் நின்றுவிடும். ஏர்பஸ் ஓட்டும் என் நண்பன் டெல்லியில் இருந்து சென்னை போய்த் திரும்பினால் அஞ்சரை மணி நேரம், ரெண்டு லேண்டிங். நான் அம்பது அம்பது நிமிஷமாக ஆறு தடவை ஏறி இறங்கினால் அஞ்சு மணி நேரம். மீட்டரைப் பார்த்தால் ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வேலை செய்திருக்கிறோம்.

ஆறு தடவை என்றால் ஆறு லோட் ஷீட், ஆறு எரிபொருள் கணக்கு, ஆறு வானிலை, ஒவ்வொன்றுக்கும் முழு செக்லிஸ்ட். அவன் 35,000 அடியில் போய் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கலாம் (குடிக்கட்டும், வயிற்றெரிச்சல் இல்லை :-)). நாங்கள் இருபதாயிரம் அடிக்குள்தான். மேகத்துக்கு மேலே போக முடியாது, உள்ளே புகவோ சுற்றிப் போகவோதான் வேண்டும். ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஜெட்டில் இருப்பது போல இன்ஜின் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ த்ராட்டில் இதில் கிடையாது, அதுவும் கைவேலை. தரையில் நிற்கும்போது மின்சாரத்துக்கென்று தனி குட்டி இன்ஜினும் கிடையாது. வலதுபக்க இன்ஜினை ஓடவிட்டு, காத்தாடிக்கு மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்போம். ஜூன் மாச வெயிலில் அந்தக் காக்பிட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அரை மணிக்குத்தான் மீட்டர் ஓடாது.

சரி, சம்பளப் புலம்பல் போதும். அதைவிடப் பெரிய விஷயம் களைப்பு.

நம் நாட்டில் பைலட் களைப்பு என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது 2010 மங்களூர். 158 பேர் போனார்கள். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியதை விசாரணை அறிக்கை சொன்னது, குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. அதனாலோ என்னவோ, நம் விதிகளுக்குக் களைப்பு என்றால் ராத்திரி. 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ திருத்திய விதியில் வார ஓய்வு 36 மணியில் இருந்து 48 ஆனது. இரவு என்பது 12 முதல் 5 வரை என்றிருந்ததை 6 வரை நீட்டினார்கள். இரவுப் பணியில் ஆறு லேண்டிங் வரை விட்டிருந்ததை ரெண்டாகக் குறைத்தார்கள். எல்லாம் நல்ல விஷயம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் பகலுக்கு? பகலில் ரெண்டு லேண்டிங் என்றால் 13 மணி நேரப் பணி வரம்பு. கூடுதல் லேண்டிங் ஒவ்வொன்றுக்கும் அரை மணி கழிப்பார்கள். ஆறு லேண்டிங்குக்கு 11 மணி நேரம். ஐரோப்பாவிலும் இதே அரை மணிக் கணக்குதான், நம் ஆட்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எனக்கு முன்பு 5.10க்கு ரிப்போர்ட்டிங். இப்போது 6.05. அதாவது சட்டப்படி நான் ராத்திரி வேலை பார்க்கவில்லை. முகம் கழுவிக் கிளம்பி ஏர்போர்ட் போய்ச் சேர எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஜூனில் நாலரைக்கே சூரியன் உதிக்கிற ஊர் இது, அதனால் பகல் என்றே வைத்துக்கொள்வோம் :-(

போன ஏப்ரல். அஸ்ஸாமில் போர்தோய்சிலா என்று கோடைப் புயல் அடிக்கும் சமயம். காலையில் இருந்து மேகங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டி, அஞ்சாவது லேண்டிங்குக்கு அகர்தலாவை நெருங்கிக்கொண்டிருந்தோம். விமானம் கோ-பைலட் கையில், ரேடியோ என் கையில். சரியான அலைவரிசையைப் போட்டு, தெளிவான குரலில், "இம்பால் டவர்" என்று கூப்பிட்டேன்.

"இது அகர்தலா" என்றார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை, நல்லபடியாக இறங்கினோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இம்பால் 2,500 அடி உயரத்தில், சுற்றிலும் மலை. அகர்தலா சமவெளி, அம்பது அடிகூட உயரம் இல்லை. என் கை அகர்தலாவில் இருந்தது, மண்டை இம்பாலில் இருந்தது. பக்கத்தில் இருந்த பையனும் கவனிக்கவில்லை, டவர் திருத்திய பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். மணி பகல் மூணு. ரெண்டு பேருமே நன்றாக விழித்திருந்தோம். இந்தக் களைப்பு குறட்டை விடாது, அதனால் எந்த ஒலிப்பதிவிலும் சிக்காது.

களைப்பு என்று எழுதிக் கொடுக்கப் படிவம் இருக்கிறது. அன்று நான் எழுதவில்லை. எழுதினால் அடுத்த நாள் ரோஸ்டரில் இருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்தால் அந்த அஞ்சு மணி நேரக் காசு போய்விடும். வீட்டுக் கடன் இருக்கிறது. எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன் இப்படிக் கணக்குப் போடுவது கேவலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிக் கணக்குப் போட வைக்கிற சம்பள முறையை எந்தப் பாதுகாப்புக் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது டிவியில் ஜல்லி அடித்தார்களே, பைலட்டுகள் ஓய்வு கேட்டு நாட்டை ஸ்தம்பிக்க வைத்துவிட்டார்கள் என்று. விதி வந்தது 2024 ஜனவரி. முழுசாக அமலானது 2025 நவம்பர். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டயம் இருந்தது. டிரைவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் டைம்டேபிள் போட்டது பைலட்டா? கடைசியில் கிடைத்தது என்ன? 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு இரவு விதியில் விலக்கு.

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போ என்பவர்களுக்கு ஒரு தகவல். பொட்டி தட்டும் நண்பர்கள் 90 நாள் நோட்டீஸுக்கே அழுகிறார்கள். 2017 விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம்.

சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற உடான் திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. ஐஸ்வாலில் இருந்து மருத்துவத்துக்குக் கவுகாத்தி வருகிறவர்களைத் தினமும் ஏற்றி வருகிறவன் நான். ஆனால் கொடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்று சி.ஏ.ஜி 2023-ல் சொன்னது. டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு, இருக்கையோ கொஞ்சம். காசு மிச்சம் பிடிக்க ஒரே வழி, விமானத்தைத் தரையில் நிற்க விடாமல் இன்னொரு சிங்கிள் அடிக்க வைப்பது. அந்த மிச்சம் எங்கள் கண்ணில் இருந்து போகிறது. லேண்டிங் கணக்கில் சம்பளம் கொடுங்கள், அரை மணிக்குப் பதில் ஒரு மணி கழியுங்கள், வரிசையாக எத்தனை நாள் ஆறு லேண்டிங் போடலாம் என்று வரம்பு வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

போன மாதம் முதல் தடவையாக அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் ரோஸ்டர் காலி, மாசக் கடைசியில் அஞ்சு மணி நேரம் குறைந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"ஏல, உங்களுக்கு யூனியன்னு ஒண்ணு கெடையாதா?" என்றார்.