கட்டம் போடு... கோடு இழு!

ஃபைனல் இயர்ல புராஜெக்ட் டைட்டில் தேடி அலையறீங்களா? 'லைப்ரரி மேனேஜ்மென்ட்', 'பேரோல் சிஸ்டம்'னு சீனியர்ஸ் தேய்ச்ச ரெக்கார்டையே திரும்பப் போடாம, இந்த வாரம் ஒரு வித்தியாசமான ஐட்டம் பார்ப்போமா? பெயர்: வொர்க்ஃப்ளோ டிசைனர். ஒரு வேலை எந்த வரிசையில் நடக்கணும்னு ஸ்கிரீனில் கட்டம் போட்டு, கோடு இழுத்து, படமாகவே வரையும் சாஃப்ட்வேர். படத்தை மாற்றினால் வேலை நடக்கும் விதமும் மாறிவிடும்!

இது எதுக்குங்க என்று கேட்பவர்கள், சேலம் பக்கத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டிக்கு வாங்க. அரளிக்குப் பேர்போன ஊர். இங்கே பறிக்கும் பூ சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்குப் போகும். ஒரு கமிஷன் மண்டிக்கு நீங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எடை போடு, பூ ஈரமாக இருந்தால் கழிவு பிடி, அன்றைய விலையால் பெருக்கு, கமிஷன் கழி, முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கழி, மிச்சத்தைக் கொடு. அவ்வளவுதான் கணக்கு.

இதையெல்லாம் கோடுக்குள் 'இஃப்... எல்ஸ்' என்று எழுதிவிட்டுக் கிளம்பிடுவீங்க. மழைக்காலத்தில் ஒரு விவசாயி வந்து, "ஏங்க, ரெண்டு கிலோ எதுக்குப் பிடிச்சீங்க?" என்று கேட்பார். மண்டிக்காரர், "தெரியலீங்க, கம்ப்யூட்டர் பிடிச்சிருக்கு" என்பார். ராத்திரி பகலா உழைச்ச மனுஷனுக்கு இதுவா பதில்? அதே கணக்கு படமாக இருந்தால், 'ஈரமா?' என்ற கட்டத்தில் விரல் வைத்துக் காட்டலாம். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். புரோகிராமருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வேலையைப் படமாக வரைவது புது ஐடியா இல்லை. ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921லேயே அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில் 'பிராசஸ் சார்ட்' முறையை முன்வைத்துவிட்டார்கள். நம்ம சென்னையில் தொடங்கிய ஆரஞ்ச்ஸ்கேப், 2012ல் 'கிஸ்ஃப்ளோ'வைக் கொண்டுவந்து, ஆபீஸ் வேலைகளை புரோகிராம் எழுதாமலே வரிசைப்படுத்த வழி செய்தது. பிற்பாடு கம்பெனி பெயரே கிஸ்ஃப்ளோ ஆகிவிட்டது!

சரி, டெஸ்க்டாப்பில் நாமே கட்டுவது எப்படி? ஸ்கிரீனை மூன்றாகப் பிரியுங்கள். இடது பக்கம் டூல்பாக்ஸ், நடுவில் வரையும் கேன்வாஸ், வலது பக்கம் பிராப்பர்ட்டி பெட்டி. டபிள்யூ.பி.எஃப். தெரிந்தால் சுலபம். கட்டத்தை இழுக்க 'தம்ப்' என்ற கன்ட்ரோலே ரெடியாக இருக்கிறது.

இனிமேல்தான் கோட்டை விடும் இடங்கள்!

முதலாவது, கோடு. ஆரம்பப் புள்ளி, முடிவுப் புள்ளி என்று எண்களைச் சேமித்தால், கட்டத்தை நகர்த்தியதும் கோடு அந்தரத்தில் தொங்கும். 'இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு' என்ற உறவை மட்டும் சேமியுங்கள். புள்ளிகளை வரையும்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, கன்ட்ரோல் இசட். கடைசியில் சேர்த்துக்கலாம் என்று விட்டால் அம்போ! கட்டம் வைப்பது, நகர்த்துவது, அழிப்பது என ஒவ்வொன்றையும் 'செய்', 'திரும்பப் பெறு' என்ற இரண்டு வழியும் தெரிந்த தனி கிளாஸாக முதல் நாளே எழுதி, ஸ்டாக்கில் அடுக்குங்கள்.

மூன்றாவது, சோதனை. 'ஈரமா?' கட்டத்தில் 'ஆமாம்'க்கு வழி இருக்கிறது, 'இல்லை'க்கு இல்லை என்றால் அந்தப் பூ நடுவழியில் நின்றுவிடும். யாரும் போய்ச் சேராத கட்டம், வெளியே வர வழியில்லாத சுழல், இவற்றை எல்லாம் சேவ் பண்ணும்போதே சிவப்பில் காட்டணும். டேட்டா ஸ்ட்ரக்சரில் படித்த கிராஃப் டிராவர்சல் இதற்குத்தான்!

நான்காவது, பணம். காலையில் எடை போட்டாச்சு, பட்டுவாடா சாயங்காலம். நடுவில் யாரோ கமிஷன் கட்டத்தை மாற்றிவிட்டால்? காலையில் வந்த பூவுக்குப் பழைய படம்தான் செல்லணும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் வெர்ஷன் நம்பர் கொடுங்கள். பழையதை அழிக்காதீர்கள். இது இல்லாத டிசைனர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்தவர் காசில் கை வைத்துவிடும்.

'மைக்ரோசாஃப்ட்லயே ரெடிமேடா இருக்கே' என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். 2006ல் டாட்நெட் 3.0 உடன் வொர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷன் வந்தது. 2010ல் டாட்நெட் 4ல் அதன் டிசைனரை டபிள்யூ.பி.எஃப்.பில் புதிதாக எழுதினார்கள். அதை அப்படியே நம்ம அப்ளிகேஷனுக்குள் உட்கார வைக்கலாம். ஆனால் 2016ல் வெளிவந்த டாட்நெட் கோரில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதையே நம்பிக் கட்டியவர்கள் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே ரெடிமேடைப் பயன்படுத்துங்கள், ஆனால் படத்தை உங்களுக்குப் புரியும் எளிய எக்ஸ்.எம்.எல். ஃபைலாகச் சேமியுங்கள். வரையும் பகுதி வேறு, ஓட்டும் பகுதி வேறு என்று பிரித்து வையுங்கள். நாளைக்கு வீடு மாறினாலும் சாமான் உங்களோடு வரும்.

இன்னொரு டிப்ஸ். கட்டங்களுக்கு 'டெசிஷன் நோட்', 'ஆக்டிவிட்டி' என்று பேர் வைக்காதீங்க. 'கழிவு', 'முன்பணம்', 'பட்டுவாடா' என்றே வையுங்கள். அந்த வேலையைச் செய்பவருக்குப் படம் புரியவில்லை என்றால், அதுவும் இன்னொரு கோடுதான்!

இந்த வார ஹோம்வொர்க்: ஹாஸ்டல் அவுட்பாஸோ, வீட்டுக் கடைக் கணக்கோ, ஒரு வேலையைப் பேப்பரில் வரையுங்கள். அதைத் தினமும் செய்பவரிடம் காட்டி, "சரியாங்க?" என்று கேளுங்கள். அவர் பேனாவைப் பிடுங்கி ஒரு கோடு போட்டால்... உங்க புராஜெக்ட் ஸ்டார்ட் ஆயிடுச்சு, வாழ்த்துகள்!